மேசை மேல் ஒரு விரல்

வேலை பார்க்கும் இடத்தில் அவனுக்கு 'பிரேக்' என்றுதான் பெயர். லிஃப்டைப் பழுது பார்த்து முடித்ததும் மற்ற மெக்கானிக்குகள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இவன் மட்டும் பிரேக்கை மறுபடி சோதிப்பான். பிறகு, சோதித்தது சரிதானா என்று இன்னொரு தடவை சோதிப்பான். கம்பிக் கயிறு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் கயிற்றைப் பார்க்க மாட்டான். சொன்னவன் முகத்தைப் பார்ப்பான். ஆட்களை உயரத்தில் தூக்கிக்கொண்டு போகிற வேலைக்கு இந்தக் குணம் நல்லதுதான். ஆனால் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைய அவனுக்குத் தெரியவில்லை.

அவன் மனைவி பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அவளுக்கு அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, பல்லைப் பதித்து, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். முன்னறைதான் அவள் பட்டறை. அலமாரியில் யார் யாருடைய வாயோ வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். எந்நேரமும் பிளாஸ்டரும் உப்புத்தாளுமாகப் புழங்கி அவள் விரல் நுனிகள் கூழாங்கல் போல வழுவழுவென்று ஆகிவிட்டன. அவளுடைய போனே அவள் ரேகையை ஏற்றுக்கொள்ளாது. ரகசிய எண்ணைத் தட்டித்தான் திறப்பாள்.

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அவன் அக்கா வந்திருந்தாள். அரட்டையெல்லாம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏண்டா, எங்க இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு. தனியா இருக்கறவனுக்கு உடம்புக்கு வந்தா யாரு பாத்துப்பா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "நான் எங்கயும் போகலையே!"

"போறன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா. தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவன் போகத்தான் இருந்தான். வேறு ஊரில் புதிதாக எழும்பியிருக்கும் ஒரு பெரிய கட்டடத்தில், அங்கே இருக்கிற லிஃப்ட் அத்தனைக்கும் பொறுப்பாளனாக அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கம்பெனி மேனேஜரோடு இரண்டு மாதமாகப் போனில் எழுதிப் பேசிக்கொண்டிருந்தான். வேலை உறுதியானதும் வீட்டில் சொல்லலாம் என்று நினைத்திருந்தான். உறுதியாகிவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். தினமும் ஒரு நாளை வந்துகொண்டே இருந்தது.

ஆக, அந்தச் சேதி இருந்த ஒரே இடம் அவன் போன். அது அவன் வலது கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். இல்லையென்றால் எண் தெரிய வேண்டும். எண்ணை அவன் தாயிடம்கூடச் சொன்னதில்லை. அப்படியிருக்க அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? மனைவி சொல்லியிருக்க வேண்டும். மனைவிக்கு எப்படித் தெரிந்தது? போனைத் திறந்திருக்க வேண்டும். எப்படித் திறந்தாள்? இங்கேதான் வண்டி நின்றுவிட்டது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவனுக்கு வழியை மட்டுமல்ல, வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் சந்தேகத்தோடு பார்க்கத் தோன்றியது.

அந்தப் போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பழைய மாதிரி. திரைக்குக் கீழே வட்டமான பட்டன் உண்டு. சில வாரங்களுக்கு முன் லிஃப்ட் பள்ளத்தில் தவறி விழுந்து, பட்டனின் மேல் கண்ணாடியில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. அன்றிலிருந்து விரலை வைத்தால் ஏற்காமல் அடம் பிடித்தது. அவன் என்ன செய்தான்? திரைக்கு ஒட்டும் ஜெல் தாளில் மீந்து கிடந்த துண்டை வட்டமாகக் கத்தரித்துப் பட்டன் மேல் ஒட்டினான். பிறகு கட்டைவிரலைப் புதிதாகப் பதிவு செய்தான். அதற்கப்புறம் போன் தொட்டதும் திறந்தது. வாங்கிய புதிதில்கூட இவ்வளவு சுறுசுறுப்பாகத் திறந்ததில்லை. தன் கைவேலையை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான். ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவன், தான் செய்த ரிப்பேரை மட்டும் சந்தேகப்படவில்லை.

திங்கட்கிழமை பொறி வைத்தான். பட்டன் மேல் முகப் பவுடரை லேசாகத் தூவி, போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். யாராவது தொட்டால் விரல் தடம் விழுமே! தலையைத் துவட்டிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தான். தடமும் இல்லை, பவுடரும் இல்லை. பட்டன் பளபளவென்று இருந்தது.

'அடிப்பாவி, துடைச்சே வச்சிருக்கா' என்று நினைத்தான். தடம் இருந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு உறுதியாகத் தோன்றியிருக்காது.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து, சத்தம் காட்டாமல் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தான். அவள் விளக்கடியில் எதையோ பிடித்து மெல்லிய தூரிகையால் தீட்டிக்கொண்டிருந்தாள். பல் இல்லை. நகத்தோடு கூடிய ஒரு விரல் நுனி! தோல் நிறம், மடிப்புகள், நுனியில் சுழி சுழியாக ரேகை, எல்லாம் இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டரில் வார்த்த இன்னொரு விரல் நட்டுக்குத்தாக நின்றது. கதவு கிறீச்சிட்டதும் அவள் துணியை எடுத்து அதன் மேல் போட்டாள்.

"என்னது அது?"

"வேலைதான்."

"பல்லு மாதிரித் தெரியலையே."

"எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்யணுமா? நீங்க எல்லாத்தையும் என்கிட்டச் சொல்றீங்களா?" என்றாள், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

அவனுக்கு விளங்காமல் நின்ற கணக்கு விளங்கிவிட்டது. அச்செடுப்பதுதானே அவள் தொழில்! அவன் தூங்கும்போது கட்டைவிரலைப் பசையில் அமுக்கி அச்செடுத்திருக்கிறாள். ஊரார் வாயையே வார்த்துக் கொடுக்கிறவளுக்குப் புருஷன் விரல் எம்மாத்திரம்? தன் ரேகையைத் தேய்த்துவிட்டவள் என் ரேகையைத் திருடுகிறாள் என்று நினைத்தபோது, அந்த நினைப்பு அவனுக்கே அழகாகத் தெரிந்தது. அதனாலேயே அதை விடவும் மனம் வரவில்லை.

புதன்கிழமை மதியம் கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்யும் பெண்ணிடம் போனான். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சந்தேகம். ஒருத்தர் விரலை அச்செடுத்து இன்னொருத்தர் போனைத் திறக்க முடியுமா?"

அவள் பூதக்கண்ணாடியைத் தூக்கி நெற்றிக்கு ஏற்றினாள். "யாரோட போனைத் திறக்கணும் உங்களுக்கு?"

"திறக்கறதுக்கு இல்லீங்க. என் போனை யாரோ திறக்கறாங்க."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க" என்றாள். அவன் தன் கட்டைவிரலை வைத்துப் போனைத் திறந்து காட்டிய பிறகுதான் முகம் கொஞ்சம் இளகியது. "இது போட்டோ பிடிக்கற சாமான் இல்லீங்க. பட்டனுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தகடு ஆயிரக்கணக்கா இருக்கு. உங்க உடம்புல கொஞ்சம் மின்சாரம் ஓடும் இல்ல? ரேகையோட மேடு தகட்டுக்குக் கிட்டக்க இருக்கும், பள்ளம் தள்ளி இருக்கும். எங்க எவ்வளவு கிட்டன்னு ஒவ்வொரு தகடும் தடவிப் பாத்துச் சொல்லும். அதைக் கணக்கா மாத்தி போனுக்குள்ள ஒரு மூலையில பூட்டி வச்சுக்கும். படமா எங்கயும் இருக்காது."

"அப்போ காஞ்ச ரப்பர் விரலை வச்சா?"

"காஞ்ச ரப்பர்ல மின்சாரம் ஏது? செத்த கட்டை மாதிரிதான். ஈரமா, உப்புத் தண்ணி கிண்ணி பட்டிருந்தா ஏமாறலாம். பெரிய கைகாரங்க செய்வாங்கன்னு கேள்வி."

கைகாரங்க. அவன் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டான்.

அவள் போனை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "கண்ணாடியில விரிசல் விட்டிருக்கே. நல்ல கெட்டியான கண்ணாடிதான் இது, சாவி கீவி உரசினாக்கூடக் கீறாது. ஆனா விழுந்தா இப்படித்தான். என்னத்தை மேல ஒட்டி வச்சிருக்கீங்க? முதல்ல அதை உரிச்சுப் போடுங்க, அது எதைப் படிக்குதோ என்னமோ."

"புது பட்டன் போட்டா?"

"அமுங்கும், அவ்வளவுதான். ரேகை படிக்காது. ஒரிஜினல் பட்டனும் உள்ள இருக்கற போர்டும் தாலி கட்டின ஜோடி மாதிரி. வேற ஒண்ணைக் கொண்டு வந்து வச்சா போர்டு சேத்துக்காது."

அவள் சொன்னதில் பாதிதான் அவன் காதில் விழுந்தது. ஈரம், கைகாரங்க என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஜெல் தாளை உரிக்கச் சொன்னதைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை அவள் செய்து முடித்த பல் செட்டுகளை டாக்டர்களிடம் கொடுக்கப் போயிருந்தாள். அவன் உடம்பு சரியில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தான். முன்னறையில் துணியை விலக்கினான். விரல் அங்கேயே இருந்தது. உள்ளே குடைவாக, தையல்காரர் மாட்டிக்கொள்ளும் விரல் கூடு போல இருந்தது. சுவர் மெல்லியது. கையில் எடுத்தபோது அது வெதுவெதுப்பாக இல்லாதது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

கட்டைவிரலில் இழுத்து மாட்டிக்கொண்டு பட்டனில் வைத்தான். திறக்கவில்லை. இன்னொரு முறை வைத்தான். திறக்கவில்லை. அவன் மனசுக்குள் நிம்மதி மாதிரி ஒன்று எழுந்தது. அதோடு ஏமாற்றம் மாதிரியும் ஒன்று. அப்போதுதான் ரிப்பேர்க்காரி சொன்னது நினைவு வந்தது. நுனியை நாக்கில் தொட்டு நனைத்து, அழுத்தினான்.

போன் திறந்துகொண்டது.

அவன் அப்படியே அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அலமாரியில் இருந்த வாய்கள் எல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்தன.

அவள் திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில், கட்டைவிரலில் அந்தக் கூட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"அதை ஏன் மாட்டிக்கிட்டிருக்கீங்க? கழட்டுங்க, கிழிஞ்சிடப் போகுது!"

"என் விரலை எப்போ அச்செடுத்தே?"

"உங்க விரலா?"

"நடிக்காதே. இதை வச்சு என் போன் திறக்குது. நானே பாத்துட்டேன்." ஈரப்படுத்தி, அழுத்தி, திறந்து காட்டினான். "இப்போ என்ன சொல்றே?"

அவள் பையைக் கீழே வைத்தாள். போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவனுடைய கட்டைவிரலிலிருந்து கூட்டை மெதுவாகச் சுழற்றிக் கழற்றித் துணியில் துடைத்து வைத்தாள். "இது அச்சகத்துல வேலை பாக்கற ஒரு பொண்ணோட நடுவிரல். மெஷின்ல நுனி போயிடுச்சு. கல்யாணத்துக்குப் பாக்க வர்றாங்கன்னு டாக்டரம்மா மூலமா கேட்டா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னா. ரேகை அவளோட இன்னொரு கையில இருந்து எடுத்தது." பிறகு கையை நீட்டினாள். "போனைக் குடுங்க. பூட்டிக் குடுங்க."

கொடுத்தான். அவள் தன் வழுவழு விரலை வைத்தாள். போன் திறந்தது. பூட்டிவிட்டு முட்டியை மடக்கி வைத்தாள். திறந்தது. மறுபடி பூட்டி, போனை முகத்துக்கு நேராகத் தூக்கி, மூக்கு நுனியால் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினாள். அதற்கும் திறந்தது.

"இதுக்கும் அச்செடுத்தேனா?" என்றாள்.

அவன் போனை வாங்கி, ஒட்டியிருந்த ஜெல் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். விரலைப் புதிதாகப் பதிவு செய்த அன்று பட்டன் அவன் ரேகையைப் படிக்கவே இல்லை. மேலே ஒட்டிய ஜெல் தாளின் சுருக்கத்தையும் விரிசலையும்தான் படித்து, இதுதான் எசமான் விரல் என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சுருக்கம் எப்போதும் அங்கேயே இருக்கிறது. ஈரப்பசையுள்ள எது வந்து அமுக்கினாலும் எசமான் வந்துவிட்டார் என்று கதவைத் திறந்திருக்கிறது.

"அன்னிக்குப் பவுடரை..."

"அது பவுடரா? என் பிளாஸ்டர் தூசுன்னு நெனச்சுத் துடைச்சேன்."

"அப்போ நீ என் போனைப் பாக்கல" என்றான், பாதி நம்பிக்கையோடு.

"பாத்தேன்."

அவள் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "மூணு வாரம் ஆச்சு. நீங்க மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தீங்க. போன் அடிச்சது. நிறுத்தலாம்னு கை வச்சேன், திறந்துகிச்சு. மேலயே அந்த மேனேஜர் எழுதினது இருந்தது. குடும்பத்தோட வருவீங்களா, தனியாவான்னு கேட்டிருந்தார். நீங்க என்ன எழுதியிருந்தீங்கன்னு நான் சொல்லணுமா?"

வேண்டாம். அவனுக்குத் தெரியும். 'தனியாத்தான்' என்று எழுதியிருந்தான்.

"அதுக்கு அர்த்தம்..."

"இருங்க. நான் முடிச்சுக்கறேன். என் விரலை என் போனே சேத்துக்காது. உங்க போன் சேத்துக்குது. அதை எப்படி எடுத்துக்கறதுன்னு யோசிச்சேன். இவரு வேணும்னேதான் திறந்து வச்சிருக்காரு, வாயால சொல்லத் தைரியம் இல்லாம நானே படிச்சுக்கட்டும்னு எனக்காக வழி பண்ணி வச்சிருக்காருன்னு நெனச்சேன். சரி, படிச்சாச்சு, இனிமே அவரே பேசுவாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். தினமும் சாப்பாடு போடும்போது உங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தேன்." அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்படித்தானே? எனக்காகத்தானே திறந்து வச்சீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கையைப் பிடித்து ஏற்றி விட்டதுபோல் அந்த வார்த்தை அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்டால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"இல்ல" என்றான். "பட்டன் கெட்டுப் போச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவள் தலையசைத்தாள். மேசையில் இருந்த மெழுகுத் துணுக்குகளை விரலால் ஒதுக்கினாள். "அப்போ சொல்ற எண்ணமே இல்ல."

"இருந்துச்சு. தனியா வந்தா தங்க ரூம் அவங்க குடுப்பாங்க, குடும்பம்னா நாமதான் வீடு பாத்துக்கணும்னு சொன்னாங்க. நீ இந்தப் பட்டறையை விட்டு வர மாட்டேன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

"வருவியான்னு கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"வர மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லிட்டுப் போறேன்! கேட்டாத்தானே சொல்ல முடியும்?" முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அங்க வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் உங்க சட்டையெல்லாம் முகர்ந்து பாத்தேன். கிரீஸ் வாசனைதான் அடிச்சது."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் மோதிக்கொண்டதில் தும்மல்தான் வெளியே வந்தது.

"அக்காகிட்ட ஏன் சொன்னே?" என்றான் பிறகு.

"நான் ஒரு வார்த்தை சொல்லல. போன தடவை வந்தப்போ படிக்கட்டுல லைட் எரியலன்னு உங்க போனைத்தானே வெளிச்சத்துக்கு வாங்கிட்டுப் போனாங்க?"

ஆமாம், வாங்கிப் போனாள். இருட்டுப் படிக்கட்டு இறங்க ஒரு நிமிஷம் போதும். அக்கா அன்று சாவகாசமாகத்தான் திருப்பிக் கொடுத்தாள். அவனுக்குத் திடீரென்று வேலையிடத்தில் இருந்த அத்தனை பேருடைய விரல்களும் நினைவுக்கு வந்தன. ஒருத்தியைச் சந்தேகப்பட்டபோது மனசு ஒரு இடத்தில் நிலையாகவாவது இருந்தது. இப்போது ஊரையே சந்தேகப்பட வேண்டியிருந்தது. அவன் நகத்தால் கெல்லி அந்த ஜெல் தாளை உரித்தான். விரிசல் பட்டன் அதற்கப்புறம் யாரையும் ஏற்கவில்லை, அவனையும் சேர்த்து.

மறுநாள் காலை, அவள் எதிரிலேயே அந்த மேனேஜரைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் வைத்தான். குடும்பத்தோடு வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டான். அந்த ஆள் முதலில் இழுத்தார். மூன்றாம் பேர் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்ததும் மரியாதையாகப் பேசினார். வந்து இடத்தைப் பாருங்கள் என்றார்.

அடுத்த வாரமே இருவரும் ரயிலேறிப் போனார்கள். கட்டடத்தை அவன் அண்ணாந்து பார்த்தான். அவள் தெருவைப் பார்த்தாள். தண்ணீர் எப்படி, சத்தம் எப்படி, பல் டாக்டர் எத்தனை பேர் என்று கடைக்குக் கடை விசாரித்தாள். மேனேஜர் காட்டிய ரூமில் கட்டிலின் மெத்தையைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்த்தாள். அவன் பார்க்க வேண்டிய பார்வையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாள்: "முதல்ல நீங்க போங்க. வேலை எப்படின்னு பாருங்க. எனக்குக் கையில இருக்கற செட்டுங்களை முடிக்கணும். அப்புறம் வீடு பாக்கலாம்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ம்."

"ஏன் இவ்வளவு சுலபமா ஒத்துக்கறே?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் தன் குரல் எப்படி இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது.

"சுலபமா? எனக்கு அழறதுக்கும் யோசிக்கறதுக்கும் மூணு வாரம் இருந்துச்சு. உங்களுக்குத்தான் இப்பத் தெரியுது" என்றாள்.

ஊர் வந்ததும் ரிப்பேர்க்காரியிடம் போய்ப் புது பட்டன் போட்டுக்கொண்டான். அவள் சொன்னபடியே அது அமுங்கியது, ரேகையைப் படிக்கவில்லை. இனி எண்தான். கிளம்புகிற அன்று காலை, பையை மூடும்போது, அவள் கேட்காமலே அந்த எண்ணைச் சொன்னான்.

"எனக்கெதுக்கு அது?" என்றாள் அவள், சட்டையை மடித்து நீட்டிக்கொண்டே.

ஆனால் அவள் திரும்பிக்கொண்ட பிறகு, கண்ணாடியில் அவன் பார்த்தான்: அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்க்காததுபோல் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.